வெளிநாட்டுக் கள ஆய்வுக்கு மாணவர்களை அழைத்துப் போகப்போகிறீர்களா?

மே மாதம் மாணவர்களோடு விமானம் ஏற வேண்டுமென்றால், வேலையை அதற்கு முந்தைய அக்டோபரில் தொடங்குங்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக இந்தப் பொறுப்பை ஏற்கும் இளம் விரிவுரையாளர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான். "டிக்கெட் போட்டாச்சு, இனி என்ன செய்யணும்?" என்பார்கள். டிக்கெட் கடைசியில் போட வேண்டியது.

நான் சிங்கப்பூரில் சமூகவியல் கற்பிக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, நீண்ட விடுமுறை வந்தால் நான்கைந்து இளநிலை மாணவர்களை எங்காவது ஒரு களத்துக்கு அழைத்துப் போவேன், அல்லது அனுப்பிவிட்டு இங்கிருந்து கவனித்துக்கொள்வேன். மலேசியாவின் ஜோகூர் பாரு, இந்தோனீசியாவின் பாத்தாம் தீவு, அப்புறம் தமிழ்நாட்டில் பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள். இங்கே கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்களின் வீடுகள் அந்த ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் அனுப்பும் பணம் அங்கே யார் கைக்குப் போகிறது, எவ்வளவு வீடாகிறது, எவ்வளவு வட்டியாகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிள்ளைகளின் ஆய்வுகளில் பாதி. ஆகவே என் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

பதவி உயர்வுக் கணக்கில் இது பெரிதாக ஏறாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளை எண்ணும். களத்திலிருந்து ஒரு மாணவி நள்ளிரவில் அழைத்து அழுததை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. தெரிந்துகொண்டு வாருங்கள்.

முதலில் பக்கத்து ஊர்

எங்கே போகலாம் என்று மாணவர்களைக் கேட்டால் நேப்பாளம் என்பார்கள், லடாக் என்பார்கள். அழகான இடங்கள்தான். ஆனால் அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்? இரவு பத்து மணிக்கு அழைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வரக்கூடிய ஒருவராவது இல்லாத ஊருக்கு நான் மாணவர்களை அழைத்துப் போவதில்லை. அவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. எனக்கு அப்படி இருந்தவர்களில் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

தூரக் களத்துக்கு முன்னால் இரண்டு ஒத்திகை வையுங்கள். முதல் ஒத்திகை இங்கே சிங்கப்பூரிலேயே, தேக்கா ஈரச்சந்தையில். சனிக்கிழமை காலை, ஒரு மீன்கடைக்கு எதிரே ஒரு மணி நேரம். யாரிடமும் பேசக்கூடாது, கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும், பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். முதல் தடவை எல்லோரும் "சந்தை கூட்டமாகவும் பல இன மக்கள் கலந்தும் இருந்தது" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது சனிக்கிழமை, மீன்காரர் எந்த வாடிக்கையாளரிடம் தமிழில் விலை சொன்னார், எவரிடம் மலாயில் சொன்னார், யாருக்குக் கேட்காமலே தலையை வெட்டிக் கொடுத்தார் என்று எழுதி வருவார்கள். அவ்வளவுதான், பயணத்துக்குத் தயார்.

இரண்டாவது ஒத்திகை பாத்தாம். சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், கையில் வேறு காசு, கடைப்பலகையில் வேறு மொழி. யார் பதறுகிறார், யார் நண்பருக்காகக் காத்திருக்கிறார், யார் வெயிலில் எரிந்து விழுகிறார் என்று ஒரே நாளில் உங்களுக்குத் தெரிந்துவிடும். நான்கு வாரம் ஒரே கூரையின்கீழ் இருக்கப்போகிற குழுவுக்கு இது எந்த நேர்முகத் தேர்வையும்விட உதவும்.

ஒன்று வேண்டாம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஊழியர்களிடம் நேர்காணல் பயிற்சி எடுக்க மாணவர்களை அனுப்பாதீர்கள். அவர்களுக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு நாள். அதில் சாப்பிட வேண்டும், பணம் அனுப்ப வேண்டும், சாமான் வாங்க வேண்டும், ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளின் பழகுதலுக்கு அதில் அரை மணி நேரம் கேட்பது நியாயமில்லை. "இந்தக் கேள்விக்கு ஏற்கனவே மூணு பேருக்குப் பதில் சொல்லியாச்சு தம்பி" என்று ஒருவர் என் மாணவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

பருவத்தையும் பாருங்கள். நம் நீண்ட விடுமுறை மே நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை. தஞ்சாவூர்ப் பக்கம் மே என்றால் கத்திரி வெயில். ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். அணையில் தண்ணீர் இருந்து அன்றே திறந்துவிட்டால் குறுவை வேலை சூடுபிடிக்கும், பகலில் வீட்டில் ஆள் இருக்காது. கடைமடைப் பகுதிகளுக்குத் தண்ணீர் போய்ச்சேர இன்னும் நாளாகும் என்பதால் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். நம் விடுமுறை அவர்களுக்கு வேலைக்காலம். நேர்காணலை மாலை நான்குக்கு மேல் வைத்துக்கொண்டு, காலையில் மாணவர்களை வரப்பில் நிற்க விடுங்கள். நட்டுக்கொண்டே பேசுகிற பெண்கள் திண்ணையில் பேசுவதைவிட அதிகமாகவே சொல்வார்கள்.

விசா, காப்புறுதி, தடுப்பூசி

இதை நீட்டவில்லை. சுற்றுலா விசாவில் இந்தியாவுக்குப் போய் ஆய்வு செய்யக்கூடாது, ஆய்வுக்குத் தனி விசா உண்டு. அதற்கு அங்கே ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ உங்களை அழைத்துக் கடிதம் தர வேண்டியிருக்கும். அக்டோபரில் தொடங்குங்கள் என்றதற்குப் பாதிக் காரணம் இந்தக் கடிதம். இந்தோனீசியாவில் வெளிநாட்டவரின் ஆய்வு அனுமதியை பிரின் என்ற தேசிய ஆய்வு அமைப்பு கவனிக்கிறது. ஒத்திகைக்குச் சும்மா பார்த்து வருவதும், அங்கே உட்கார்ந்து தரவு சேர்ப்பதும் ஒன்றல்ல. எல்லா மாணவர்களும் ஒரே கடப்பிதழ் வைத்திருக்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். என் குழு ஒன்றில் ஐந்து பேருக்கு நான்கு நாட்டுக் கடப்பிதழ்கள். நான்குக்கும் நான்கு விதிகள்.

சிங்கப்பூரர்கள் வெளியுறவு அமைச்சின் இணையப் பக்கத்தில் பயணத்தைப் பதிவுசெய்யட்டும். பயண மருத்துவரைக் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே பார்க்க வேண்டும், கடைசி வாரத்தில் போட்டால் சில தடுப்பூசிகளால் பயன் குறைவு. பல்கலைக்கழகக் காப்புறுதி எதற்கெல்லாம் கிடையாது என்று நீங்களே படியுங்கள். மாணவர்கள் இருசக்கர வண்டி ஓட்டக்கூடாது என்பது என் குழுவில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாத விதி. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ வெட்கப்பட்டு மறைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு 108. இதைச் சட்டைப்பையில் இருக்கும் தாளில் எழுதச் சொல்லுங்கள், கைப்பேசியில் மட்டும் வேண்டாம்.

ஒப்புதல் கேட்பது எப்படி

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, அதாவது நாம் ஐஆர்பி என்கிற குழு, அனுமதி தராமல் ஒரு நேர்காணலும் எடுக்கக்கூடாது. விண்ணப்பத்தை டிசம்பரில் எழுதி ஜனவரியில் கொடுத்துவிடுங்கள். கேள்விகளோடு ஒரு முறையாவது திரும்பி வரும். இந்தக் குழுக்களின் வேர்களில் ஒன்று 1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கை. ஆளை மதிப்பது, தீங்கு செய்யாமல் நன்மை பார்ப்பது, சுமையையும் பலனையும் நியாயமாகப் பங்கிடுவது என்று மூன்று கொள்கைகளை அது சொன்னது. மாணவர்கள் மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். களத்தில் தடுக்கி விழுவது முதல் கொள்கையிலேயே.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் தமிழ்நாட்டுப் பயணத்தில் ஒப்புதல் படிவத்தை நானே தமிழாக்கி எடுத்துப்போனேன். இரண்டு பக்கம். "கீழே கையொப்பமிடும் பங்கேற்பாளராகிய நான்" என்று தொடங்கும். ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் காப்பி, முறுக்கு, சிரிப்பு, பேச்சு. மகன் சிங்கப்பூருக்குப் போன கதை, ஏஜென்டுக்குக் கட்டிய பணம், எல்லாம் தானாகவே வந்தது. பதிவுக் கருவியைப் போடுமுன் அந்த அம்மாவிடம் படிவத்தை நீட்டினேன். அவர் தாளைத் தொடவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பத்திரமா டீச்சர்? எம் மவன் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. மறுநாள் அந்தத் தெருவிலேயே யாரும் வீட்டில் இல்லை.

தப்பு என்னுடையது. அந்த வீட்டில் அதற்கு முன்பு கையெழுத்தோ கைநாட்டோ கேட்டு வந்த தாள்கள் கடன் பத்திரமும் நிலப் பத்திரமும்தான். நம் குழுவுக்குக் கையெழுத்து பாதுகாப்பு. அந்த அம்மாவுக்கு அது ஆபத்து. ஆகவே விண்ணப்பத்திலேயே, கையெழுத்துக்குப் பதிலாக வாய்மொழி ஒப்புதல் பெற அனுமதி கேளுங்கள். ஏன் என்று இரண்டு பத்தியில் விளக்குங்கள். நியாயமான காரணம் இருந்தால் குழுக்கள் ஒத்துக்கொள்கின்றன. வாயால் சொல்லப்போகும் வாசகத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். நாங்கள் இப்போது சொல்வது ஏறக்குறைய இப்படி:

"அம்மா, நான் சிங்கப்பூர்ல காலேஜ்ல படிக்கிறேன். வெளிநாட்டுக்கு ஆள் போயிருக்கிற வீட்ல குடும்பம் எப்படி நடக்குதுன்னு கேட்டு எழுதுறேன். நான் கவர்மெண்ட் ஆளும் இல்ல, ஏஜென்டும் இல்ல. நீங்க சொல்றதால உங்க பையன் வேலைக்குக் கெடுதலும் வராது, நல்லதும் வராது. பேரு எழுத மாட்டேன். வேணாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணாலும் நிறுத்திரலாம்."

"நல்லதும் வராது" என்பதை மாணவர்கள் விட்டுவிடப் பார்ப்பார்கள், சொல்லச் சங்கடமாக இருக்கும். விடக்கூடாது. சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளை தன் சின்ன மகனுக்கும் ஒரு வேலை பெர்மிட் வாங்கித் தரும் என்ற நம்பிக்கையில் ஒருவர் மூன்று நாள் பேசிவிட்டால், அது ஒப்புதலே இல்லை.

பேசியதற்குப் பணம் கொடுப்பதில்லை. வெறுங்கையோடும் போவதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டியது கோடாலித் தைலம்தான். சின்னப் புட்டியாக வாங்குங்கள், எண்ணிக்கை கூடவே இருக்கட்டும். கொடுத்தால் தெருவில் எல்லா வீட்டுக்கும், அதுவும் கிளம்புகிற வாரத்தில். முதல் நாளே கொடுத்தால் தைலத்துக்காகப் பேச வருவார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்தால் மீதிப் பேர் அடுத்த ஆண்டும் உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.

எந்தத் தெருவில் தங்குவது

இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேலைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. 1961–62இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊருக்கு ஆய்வுக்கு வந்தார். அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். அவருக்குத் தங்க இடம் கிடைத்தது அக்கிரகாரத்தில். தங்கிய தெருவை வைத்தே ஊர் அவரையும் கணக்கிட்டது. ஆதிதிராவிடர் தெருவில் போய்ப் பழகுவது எளிதாக இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுச் சாதியோடு பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருக்கே இந்த நிலை.

நம் மாணவர்கள் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு கட்டத்துக்குள் வளர்ந்தவர்கள். "இந்தியர்" என்ற கட்டத்துக்குள் இத்தனை தெருக்கள் இருப்பது அவர்களில் பலருக்கு அங்கே போய்த்தான் உறைக்கிறது. தமிழ் மாணவர்களுக்கு இன்னும் கடினம். "பூர்வீகம் எந்த ஊரு?" என்று அன்பாகத் தொடங்கும். "அங்க எந்தத் தெரு?" என்று அடுத்தது வரும். ஒரு மாணவர் வெள்ளந்தியாகச் சிங்கப்பூரில் தாம் இருக்கும் அடுக்குமாடியின் புளோக் எண்ணைச் சொன்னார். கேட்டவருக்கும் புரியவில்லை, இவருக்கும் புரியவில்லை. பின்னால் விளக்கியபோது அவர் முகம் மாறியது. இந்தக் கேள்வி வரும் என்று சிங்கப்பூரிலேயே சொல்லிவிடுங்கள். பதில் சொல்வதா, மழுப்புவதா, மறுப்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நான் மழுப்புகிறவள். "டீச்சர் தெரு" என்பேன்.

நடைமுறைக்கு வருவோம். ஊருக்குள் தங்காமல் பக்கத்து டவுனில் லாட்ஜிலோ கல்லூரி விடுதியிலோ தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வருவதே புதியவர்களுக்கு நல்லது. நெருக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் எந்தத் தெருவுக்கும் கடன்பட மாட்டீர்கள். முதல் நாளே ஊராட்சித் தலைவரைப் பார்த்து வந்த காரியத்தைச் சொல்லுங்கள். அன்று மாலையே காலனிப் பக்கமும் போய் ஒரு டீ குடியுங்கள். முதல் நாள் எங்கே குடித்தீர்கள் என்பதை ஊர் குறித்துவைத்துக்கொள்ளும்.

தமிழ் தெரிந்த ஆசிரியரை என்ன செய்வது

நான் ரொம்ப நாள் செய்த பிழை இது, தமிழ் பேசுகிற உங்களுக்கும் வரக்கூடியது. சீன மாணவி ஒருத்தி கேள்வி கேட்பாள். நான் மொழிபெயர்ப்பேன். பாட்டி என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். பதிலில் ஒரு சுவையான இழை தெரியும். மொழிபெயர்க்க மறந்து நானே அடுத்ததைக் கேட்பேன். பாட்டிக்கும் எனக்கும் அருமையான உரையாடல். மாணவி மரியாதையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ராத்திரி பதிவைப் போட்டுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் அவள் குரல் நான்கு நிமிடம் இல்லை. அவளுடைய ஆய்வேடு அது.

அதற்கப்புறம் நேர்காணல் நடக்கும் வீட்டுக்குள் நான் போவதில்லை. வாசல்வரை போவேன், அறிமுகம் செய்வேன், டீக்கடைக்கு வந்துவிடுவேன். மொழிபெயர்ப்புக்கு உள்ளூர்க் கல்லூரி மாணவர் ஒருவரை நியாயமான சம்பளத்துக்கு வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு முழுநாள் பயிற்சி கொடுங்கள். "அவங்க கஷ்டம்னு சொல்றாங்க" என்பது மொழிபெயர்ப்பல்ல. பாட்டி ஐந்து நிமிடம் பேசியதை இவர் மூன்று சொல்லில் முடித்தால், அந்த ஐந்து நிமிடம் எங்கே போனது? வாக்கியத்துக்கு வாக்கியம், "நான்" என்று பாட்டியின் வாயாகவே பேச வேண்டும். வட்டி, சாதி, குடி என்று வருகிற இடத்தில் ஊர் மானம் கருதி அவர் மென்று விழுங்குவார். அதனால் பதிவைப் பின்னால் நீங்கள் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். உங்கள் தமிழை அங்கே செலவழியுங்கள்.

சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களுக்கு வேறு சிக்கல். பள்ளியில் படித்த தமிழில், "தாங்கள் எப்பொழுது திரும்பி வந்தீர்கள்?" என்பார்கள். "டிவி செய்தி மாதிரி பேசுது பிள்ள" என்று ஊர் ரசிக்கும், ஆனால் இறங்கிப் பேசாது. வீட்டுத் தமிழில் பேசச் சொல்லுங்கள், தப்பு வந்தாலும் பரவாயில்லை. சொற்களுக்குத் தனி நோட்டு வைக்கட்டும். கொல்லை என்றால் வீட்டின் பின்புறம் என்று நினைத்திருப்பார்கள், அந்தப் பக்கத்தில் கடலை போட்ட மேட்டு நிலமும் கொல்லைதான். "டெஸ்ட் அடிச்சுப் போனான்" என்றால் திறன் தேர்வு எழுதிச் சான்றிதழோடு போனான் என்று பொருள். இந்த நோட்டு வளர்கிற வேகத்தை வைத்தே ஆய்வு எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இரவு ஒன்பது மணி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு நேர்காணல், அதற்குமேல் வேண்டாம். அன்று கண்டதையும் கேட்டதையும் அன்று தூங்குமுன் எழுதியாக வேண்டும். எழுதி முடிக்காதவருக்கு மறுநாள் களம் கிடையாது, அறையில் உட்கார்ந்து எழுதுவார். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். ஒன்பது மணிக்கு நான் எல்லோர் குறிப்பையும் படிப்பேன், ஓரத்தில் கேள்வி எழுதுவேன், காலை டிஃபனுக்குள் திருப்பித் தருவேன். கள ஆய்வைக் கற்பித்தல் என்று நான் எதையாவது செய்கிறேன் என்றால் அது இந்த ஓரத்துக் கேள்விகள்தான். வகுப்பறையில் நான் நடத்தும் முறையியல் பாடத்தை இரண்டு ஆண்டு கழித்து யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஓரத்தில் எழுதியதை வைத்திருக்கிறார்கள்.

ஒரு குறிப்பைப் பாருங்கள். மூன்றாம் நாள் ஒரு மாணவி எழுதினாள்: "வீடு வசதியானது. மகன் பத்து ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருப்பதால் குடும்பம் முன்னேறியிருக்கிறது."

நான் ஓரத்தில் எழுதியது: "வசதி என்று எதைப் பார்த்துத் தெரிந்தது?"

மறுநாள் அவள் கேள்வித்தாள் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய் வந்தாள். இரவு எழுதினாள்: "திண்ணைக்கு வழவழப்பான டைல்ஸ். தூண் இரண்டுக்கும் பச்சைப் பெயின்ட். உள்ளே ஒரு அறைக்கு மட்டும் கதவு. ஜன்னலுக்குப் பலகை இல்லை, சிமெண்ட் சாக்கை ஆணியடித்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, துருப்பிடித்திருக்கிறது. எப்போது மேலே எழுப்புவீர்கள் என்றதற்கு, 'அவன் அடுத்த பெர்மிட் போட்டதும்' என்றார். எத்தனை வருடமாக நிற்கிறது என்றதற்குப் பதிலில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்."

நான் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. அவள் ஆய்வேட்டின் கேள்வி அந்தத் துருவில் இருந்தது. வெளியே தெரிகிற திண்ணைக்கு முதலில் பணம் போகிறது, உள்ளே கதவுக்கு வரவில்லை, ஏன்? ஊர் முழுக்கத் திண்ணைகளையும் கம்பிகளையும் எண்ணப் புறப்பட்டாள். பெரிய கேள்வியோடு வருகிறவர்களை, உலகமயமாக்கம், புலம்பெயர்வு, அடையாளம் என்று பேசுகிறவர்களை, இப்படி ஒரு கம்பிக்கு இறக்கிவிடுவது உங்கள் வேலை. ஏறிக்கொள்ள அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் கூடப் போகாமல் சிங்கப்பூரிலிருந்து கவனிக்கிறீர்கள் என்றால் இரண்டரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒன்பது, இங்கே பதினொன்றரை. அந்த நேரத்துக்குக் கண்விழிக்க முடியாவிட்டால் பொறுப்பை ஏற்காதீர்கள். முதல் வாரம் உற்சாகமாக இருப்பார்கள். இரண்டாம் வாரம் வயிறு சரியிருக்காது, எல்லா வீட்டிலும் ஒரே பதில் வருவதாகத் தோன்றும், ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று அழைப்பார்கள். கடன் தாங்காமல் செத்துப்போனவர் வீட்டுக்குப் போய்வந்த இரவும் அழைப்பார்கள். அறிவுரை சொல்லாதீர்கள். "இன்னைக்கு என்ன சாப்பிட்டே?" என்று தொடங்குங்கள்.

எழுதியதைப் பத்திரப்படுத்துவது பற்றி ஒன்று. சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்தில், ராம்புரா என்று எழுத்தில் அழைத்த ஊரில் ஆய்வு செய்தார். பதினெட்டு ஆண்டுகளாக வகைப்படுத்திச் செப்பனிட்ட குறிப்புகளை மூன்று படிகள் வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறை தீவைப்பில் எரிந்தபோது மூன்று படிகளும் அதே அறையில் இருந்தன. பிறகு நினைவிலிருந்து ஒரு நூலையே எழுதினார். நம் பிள்ளைகளுக்கு அந்த நினைவாற்றல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு படி மடிக்கணினியில், ஒரு படி பல்கலைக்கழகத்தின் கடவுச்சொல்லுள்ள சேமிப்பகத்தில். உண்மைப் பெயரும் புனைபெயரும் சேர்ந்த பட்டியல் மட்டும் இரண்டிலும் இல்லாமல் தனியாக. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் ஆகும், தமிழிலிருந்து ஆங்கிலமாக்கினால் இன்னும் கூடும் என்பதையும் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் செப்டம்பரில் உங்கள் அறைக்கு வந்து முறையிடுவார்கள்.

திரும்பி வந்த பிறகு

எடுத்த படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு அனுப்புங்கள். வாட்சாப்பில் அனுப்பிய படம் பேரனின் கைப்பேசியோடு போய்விடும், அச்சிட்டது சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்படும். ஆய்வேடு முடிந்ததும் இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, பேசியவர்களுக்குக் கொடுத்தனுப்ப மாணவர்களிடம் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு முடிவறிக்கை கொடுக்க மறக்காதீர்கள், நான் இரண்டு முறை மறந்து நினைவூட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் நம் களத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேட்டி கொடுத்த அம்மாவின் மகன் நம் ஊரில்தான் இருக்கிறார், எம்ஆர்டி ரயிலில் போனால் முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கம்பி வீட்டு மாணவிக்கு அதுதான் நடந்தது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியே சொல்கிறேன். மகன் அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி பழைய ஏஜென்ட் கடனின் வட்டிக்குப் போகிறது, நகையும் அடகில் இருக்கிறது, இது அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் ஓவர்டைம் பார்த்தே உடம்பைக் கெடுத்துக்கொள்வான் என்று அந்த அம்மா பதிவுக் கருவியை அணைக்கச் சொல்லிவிட்டுச் சொன்னார். கிளம்பும்போது மகனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். மாங்காய் வற்றலும் பருப்புப்பொடியும்.

பொட்டலம் வாங்கலாமா என்று கேட்டால், பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து, நீங்களே மறுபடி கட்டினால் மட்டும் வாங்கலாம். சங்கடமாக இருந்தாலும் கொடுப்பவர் முன்னாலேயே செய்யுங்கள். சாங்கி விமான நிலையத்தில் பையில் இருப்பதற்குப் பொறுப்பு பையைச் சுமந்து வந்தவருக்குத்தான். அந்த அம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பொடிக்கு இன்னொரு உறை போடச் சொன்னார்.

பொட்டலத்தைக் கொடுக்கப் போகுமுன் மாணவி என் அறைக்கு வந்தாள். நாங்கள் முடிவு செய்தது இவ்வளவுதான்: கேள்வி கேட்கக் கூடாது, நோட்டு எடுத்துப்போகக் கூடாது, அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் வெளியே வரக் கூடாது. மகனிடமும் பேட்டி எடுத்தால் ஆய்வு முழுமையாகும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டால், ஒரு பக்கம் சொன்னது மறுபக்கக் கேள்வியில் எப்படியும் கசிந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றேன்.

பூன் லே ரயில் நிலையத்துக்கு அந்த மகன் வேலை முடிந்து சீருடையோடு வந்தாராம். பொட்டலத்தை மோந்து பார்த்துச் சிரித்தாராம். பிறகு, "வீட்டைப் பாத்தீங்களா? மேல வேலை ஆரம்பிச்சிருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"திண்ணை ரொம்ப அழகா இருக்குண்ணா" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அன்றைய தேதிக்கு அவள் குறிப்பு எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.